தானப் பத்திரத்தில் ஓர் அரசு: கோட்டை மன்னர் தொன் ஜுவான் தர்மபாலரின் வாழ்வும் வழிமரபும்



பிரான்சு நாட்டின் புனித லூயி, ஹங்கேரியின் புனித ஸ்தேவான், போலந்து அரச குடும்பத்தின் புனித கசிமீர் எனப் பல அரச புனிதர்களின் விழாக்கள் நம் திருவழிபாட்டு நாள்காட்டியில் இடம்பெற்றுள்ளன. ஆனால் நம் கடலுக்கு அக்கரையில், இராமேசுவரத்துக்கு அப்பால் உள்ள இலங்கையில், 40 ஆண்டுகள் கத்தோலிக்கராக வாழ்ந்து இறந்த ஒரு மன்னர் உண்டு என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். கோட்டை அரசின் கடைசி மன்னரும், அந்த அரியணையில் இருந்தோருள் திருமுழுக்குப் பெற்ற ஒரே மன்னருமான தொன் ஜுவான் தர்மபாலரே அவர்.

அவர் புனிதர் பட்டம் பெற்றவர் அல்லர். மறைசாட்சியும் அல்லர். இலங்கையில் பலர் அவரை நாட்டை அந்நியருக்கு எழுதிக் கொடுத்தவர் என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆயினும் அவருடைய வாழ்வு திருச்சபைக்கு ஒரு பெரிய பாடத்தை வைத்திருக்கிறது. அந்தப் பாடத்தைப் புரிந்துகொள்ள, அவருடைய வழிமரபிலிருந்தே தொடங்க வேண்டும்.

கோட்டை அரசு

இன்றைய கொழும்பு நகரை ஒட்டி இருக்கும் ஸ்ரீ ஜயவர்தனபுரம் என்னும் ஊரே அன்றைய கோட்டை அரசின் தலைநகரம். 15ஆம் நூற்றாண்டில் 6ஆம் பராக்கிரமபாகு மன்னர் இங்கிருந்து இலங்கைத் தீவு முழுவதையும் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். அவருடைய வளர்ப்பு மகன் செண்பகப் பெருமாள் 1450ஐ ஒட்டி யாழ்ப்பாணத்தை வென்றார். பின்னர் அவரே 6ஆம் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டையின் அரியணை ஏறினார். தமிழும் சிங்களமும் ஒரே அரண்மனையில் ஒலித்த காலம் அது.

ஆனால் பராக்கிரமபாகுவுக்குப் பின் அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. யாழ்ப்பாணம் மீண்டும் தனி அரசாயிற்று. மலைநாட்டில் கண்டி தனித்து எழுந்தது. 1505இல் போர்த்துகீசியர் இலங்கைக் கரையை அடைந்தனர். 1518இல் கொழும்பில் ஒரு கோட்டையும் கட்டினர்.

மூன்று சகோதரர்களின் பாகப்பிரிவினை

தர்மபாலரின் கொள்ளுத் தாத்தா விஜயபாகு மன்னர். அவருக்கு மூன்று மகன்கள்: புவனேகபாகு, ரைகம் பண்டார, மாயாதுன்னை. மன்னர் தம் இரண்டாம் மனைவியின் பிள்ளைக்கு அரசுரிமையைக் கொடுக்க எண்ணுகிறார் என்று அறிந்த மூவரும் கண்டி மன்னரின் துணையோடு தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தனர். 1521இல் விஜயபாகு தம் அரண்மனையிலேயே கொல்லப்பட்டார். அரண்மனை சூறையாடப்பட்டது. இந்நிகழ்ச்சியைச் சிங்கள வரலாறு 'விஜயபா கொள்ளை' என்று அழைக்கிறது.

தந்தையின் இரத்தத்தின்மேல் நின்று மகன்கள் நாட்டைப் பங்கு போட்டனர். மூத்தவர் 7ஆம் புவனேகபாகுவாகக் கோட்டையை எடுத்துக்கொண்டார். ரைகம் பண்டாரவுக்கு ரைகம. இளையவர் மாயாதுன்னைக்குச் சீதாவாக்கை. ரைகம் பண்டார 1538இல் இறந்ததும் அவருடைய பங்கையும் மாயாதுன்னை தம்மோடு சேர்த்துக்கொண்டார். அதன்பின் அண்ணன், தம்பி இருவருக்கும் இடையே ஓயாத போர்.

இத்தகைய பங்கீடு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. போலந்தில் 3ஆம் போலெஸ்லாவ் என்னும் கோமகன் 1138இல் இறந்தபோது, சண்டை வரக்கூடாது என்று எண்ணித் தம் நாட்டை மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். மூத்தவருக்கே தலைமை என்றும் வைத்தார். ஆனால் 8 ஆண்டுகளுக்குள் மூத்த மகன் தம்பியரால் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார். ஏறத்தாழ 200 ஆண்டுகள் போலந்து சிதறிக் கிடந்தது. 1320இல் ஓர் அரசர் அந்நாட்டை மீண்டும் ஒன்றுசேர்க்க முடிசூடினார். சொத்தைப் பிரிப்பதால் மட்டும் சகோதரர் மனம் ஒன்றுபடுவதில்லை என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும். நம் ஊர்ப் பதிவாளர் அலுவலகத்துக்கும் பொருந்தும்.

போரில் மாயாதுன்னைக்குக் கள்ளிக்கோட்டைச் சாமூதிரி மன்னர் துணை நின்றார். புவனேகபாகு போர்த்துகீசியரை நாடினார். இந்தப் போரின் ஒரு கட்டம் நம் தமிழ்க் கரையிலேயே நடந்தது. மாயாதுன்னைக்கு உதவச் சென்ற கள்ளிக்கோட்டைக் கப்பற்படையை 1538இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் போர்த்துகீசியர் முறியடித்தனர். அதே வேதாளையில்தான் 11 ஆண்டுகளுக்குப் பின், 1549இல், இயேசு சபையின் முதல் மறைசாட்சியான அருள்தந்தை அந்தோணி கிரிமினாலி உயிர் துறந்தார்.

பொற்சிலைக்குச் சூட்டிய முடி

புவனேகபாகுவுக்குத் தம் அரசை யாரிடம் விட்டுச் செல்வது என்ற கவலை இருந்தது. அவருடைய மகள் சமுத்திரா தேவி. மருமகன் வீதிய பண்டார. அவர்களுக்கு 1540ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்த குழந்தையே தர்மபாலர். மகள் வழிப் பேரனுக்கு உரிமையா, உடன்பிறந்த தம்பிக்கு உரிமையா என்ற கேள்வி எழுந்தது. தம்பி மாயாதுன்னை தமக்கே உரிமை என்றார். பேரனுக்கே என்றார் புவனேகபாகு.

தம் முடிவை உறுதியாக்க அவர் ஒரு வழி கண்டார. பேரனின் உருவத்தைப் பொன்னில் வார்த்து, ஒரு மணிமுடியோடு தூதர் வழியாக லிஸ்பன் நகருக்கு அனுப்பினார். போர்த்துகல் மன்னர் 3ஆம் ஜுவாம் 1543இல் அந்தப் பொற்சிலைக்கு முடிசூட்டினார். நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்டிருந்த ஒரு குழந்தை, தான் ஒருபோதும் காணாத நாட்டில் அரசனாக அறிவிக்கப்பட்டது. இலங்கைச் சிற்பிகள் செதுக்கிய யானைத் தந்தப் பேழை ஒன்றில் இந்த முடிசூட்டும் காட்சி இடம்பெற்றுள்ளது. அப்பேழை ஜெர்மனியின் மியூனிக் நகர அரண்மனைக் கருவூலத்தில் உள்ளது.

தூதுக்குழுவோடு பிரான்சிஸ்கன் சபைத் துறவியரும் இலங்கைக்குப் புறப்பட்டு வந்தனர். அவர்களின் தலைவர் அருள்தந்தை ஜுவாம் தெ வில்லா தொ கொந்தே. அவர்கள் மறைபோதிக்கப் புவனேகபாகு இடமளித்தார். ஆனால் தாம் மதம் மாற மறுத்துவிட்டார். போர்த்துகீசியரின் படைத்துணை அவருக்கு வேண்டியிருந்தது. அதற்கு விலையாகத் தம் மனச்சான்றைக் கொடுக்க அவர் விரும்பவில்லை.

இதே ஆண்டுகளில்தான் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறையில் பணியாற்றினார். அவர் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார்த் தீவு மக்கள் 1544இல் யாழ்ப்பாண மன்னர் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். அந்த எளிய மக்களுக்குப் பொற்சிலையும் இல்லை, மணிமுடியும் இல்லை. இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் ஓராண்டு இடைவெளியில் நடந்தவை என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம்.

அனாதைபோல் வளர்ந்த அரசர்

1551இல் களனியில் புவனேகபாகு ஒரு போர்த்துகீசியப் படைவீரனின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். அது தவறுதலாக நடந்ததா, திட்டமிட்டு நடந்ததா என்ற வாதம் இன்றளவும் தீரவில்லை. சிறுவன் தர்மபாலர் மன்னரானார். தந்தை வீதிய பண்டார அவர் பெயரால் ஆட்சியை நடத்தினார்.

அவ்வாண்டே கோவாவிலிருந்து அரசப் பிரதிநிதி அபோன்சு தெ நொரோஞ்ஞா பெரும் படையோடு வந்தார். காக்க வந்தவர் கொள்ளையராக மாறினார். கோட்டை அரண்மனையின் செல்வம் எங்கே என்று கேட்டு அரண்மனை ஊழியர்களை வதைத்தார். கிடைத்ததை எல்லாம் வாரிச் சென்றார். பின்னர் வீதிய பண்டார போர்த்துகீசியரால் சிறைவைக்கப்பட்டார். அவர் தப்பி ஓடி அவர்களுக்கு எதிராகவே போர் தொடுத்தார். தோற்று யாழ்ப்பாணத்தில் அடைக்கலம் புகுந்து, அங்கு ஏற்பட்ட கலகம் ஒன்றில் மாண்டார்.

இவ்வாறு, பாட்டனைக் கொன்றதும் போர்த்துகீசியக் குண்டு, தந்தையைச் சிறையிட்டதும் போர்த்துகீசியர், இளம் மன்னருக்குக் காவலாக நின்றதும் போர்த்துகீசியரே. அவருக்குக் கல்வி புகட்டியவர்கள் பிரான்சிஸ்கன் துறவியர். அன்பு என்று அவர் அறிந்தது அவர்களிடம்தான் கிடைத்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

1557: திருமுழுக்கு

1557இல் தர்மபாலர் திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு இடப்பட்ட பெயர் 'தொன் ஜுவான் பெரிய பண்டார'. போர்த்துகல் மன்னரின் பெயரோடு 'பெரிய' என்ற நம் தமிழ்ச் சொல்லும் அவர் பெயரில் சேர்ந்திருப்பதைக் காண்கிறோம். அவருடைய அரசியும் தோனா கத்தரீனா என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். பிரபுக்கள் பலர் அவர்களைப் பின்பற்றினர்.

இத்தோடு நின்றிருந்தால் இது ஒரு மனிதரின் நம்பிக்கை வாழ்வாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் மன்னர் களனி விகாரை உள்ளிட்ட புத்த ஆலயங்களையும் அவற்றின் நிலங்களையும் பிரான்சிஸ்கன் துறவியரின் பணிகளுக்கென எழுதிக் கொடுத்தார். தலைமுறை தலைமுறையாக மக்கள் காணிக்கையாகக் கொடுத்த நிலங்கள் அவை. மக்கள் கொதித்தெழுந்தனர். புத்தரின் திருப்பல்லை வைத்திருப்பவரே அந்நாட்டின் முறையான அரசர் என்பது சிங்களரின் நம்பிக்கை. அந்தப் பல் கோட்டையிலிருந்து மறைவாகச் சீதாவாக்கைப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டது. பல்லோடு மக்களின் மனமும் மாயாதுன்னையின் பக்கம் சென்றது.

மன்னரின் மனத்தில் கிறிஸ்துவின்மேல் உண்மையான அன்பு இருந்ததா என்று கேட்கலாம். அதை அறிபவர் இறைவன் ஒருவரே. ஆனால் ஒன்றை நாம் கூற முடியும். புத்த சமயத்துக்குத் திரும்பியிருந்தால் அவர் தம் மக்களை மீண்டும் பெற்றிருக்கக் கூடும். அவர் திரும்பவில்லை. எல்லாவற்றையும் இழந்த நிலையிலும், இறக்கும் வரை, 40 ஆண்டுகள் கிறிஸ்தவராகவே இருந்தார். இதை இலாபத்துக்காக மதம் மாறியவரின் செயல் என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது.

நாடில்லா மன்னர்

மாயாதுன்னையின் மகன் ராஜசிங்கன் பெரும் போர்வீரர். முல்லேரியாவில் போர்த்துகீசியப் படையைத் தோற்கடித்தவர். கோட்டை நகரம் மீண்டும் மீண்டும் முற்றுகையிடப்பட்டது. 1565இல் போர்த்துகீசியர் அந்நகரைக் கைவிட்டு, தர்மபாலரையும் அழைத்துக்கொண்டு கொழும்புக்குள் ஒதுங்கினர். அன்றுமுதல் தீவின் பேரரசர் என்ற பட்டம் தாங்கிய அவருக்குச் சொந்தமாக இருந்தது கொழும்புக் கோட்டைச் சுவர்களுக்குள் இருந்த இடம் மட்டுமே. அங்கும் ஆணை அவருடையதாக இல்லை.

ஒருமுறை அவருக்கு நஞ்சூட்டப்பட்டது. உயிர் பிழைத்தாலும் பற்களை இழந்தார், பேச்சும் குழறிற்று என்று பழைய போர்த்துகீசியக் குறிப்புகள் கூறுகின்றன. மனைவி தோனா கத்தரீனா இறந்தபின் மறுமணம் செய்தார். ஆனால் அரசுரிமை பெற வாரிசு எவரும் இல்லை.

1580ஆம் ஆண்டின் தானப் பத்திரம்

1580 ஆகஸ்டு 12ஆம் நாள் கொழும்பில் தர்மபாலர் ஒரு தானப் பத்திரம் எழுதினார். அதில் தம் வழிமரபை எடுத்துக்கூறி, தாமே முறையான மன்னர் என்று நிறுவி, தமக்கு வாரிசு இல்லாமல் போனால் கோட்டை அரசு முழுவதும் போர்த்துகல் மன்னரைச் சேரும் என்று அறிவித்தார். தம் பாட்டனின் தம்பி வழியினருக்கு அரசு போகக்கூடாது என்பதே அதன் கருத்து. 1521இல் தொடங்கிய சகோதரச் சண்டை, 59 ஆண்டுகளுக்குப் பின் நாட்டையே அந்நியருக்கு எழுதிக் கொடுப்பதில் வந்து முடிந்தது.

இதில் ஒரு வேதனையான ஒற்றுமையும் உண்டு. அந்த ஆண்டிலேயே போர்த்துகல் அரசும் வாரிசின்றி நின்றது. அந்நாட்டு மன்னர் ஹென்றி ஒரு கர்தினால். அவர் 1580 ஜனவரி 31 அன்று பிள்ளையின்றி இறந்தார். போர்த்துகலின் மணிமுடி ஸ்பெயின் மன்னர் 2ஆம் பிலிப்புவிடம் சென்றது. வாரிசில்லா மன்னர் ஒருவர், வாரிசில்லா அரியணை ஒன்றுக்குத் தம் நாட்டை எழுதி வைத்தார்.

மாயாதுன்னை 1581இல் இறந்தார். மன்னரான ராஜசிங்கன் சைவ சமயத்தைத் தழுவினார் என்று சிங்கள நூல்கள் கூறுகின்றன. 1587, 1588 ஆகிய ஆண்டுகளில் அவர் கொழும்பைப் பல மாதங்கள் முற்றுகையிட்டும் வெல்ல முடியவில்லை. 1593இல் அவர் இறந்ததும் சீதாவாக்கை அரசு சரிந்தது. போர்த்துகீசியர் இழந்த நிலங்களைத் தர்மபாலரின் பெயரால் மீட்டனர். முதுமையில், தம் பெயருக்கு மட்டும், நாடு அவரிடம் திரும்பி வந்தது.

1597 மே 27 அன்று தர்மபாலர் கொழும்பில் காலமானார். அங்கிருந்த பிரான்சிஸ்கன் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பத்திரத்தின்படி கோட்டை அரசு போர்த்துகல் உடைமையாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் சிங்களத் தலைவர்கள் மல்வானையில் கூடி அந்நிய மன்னரை ஏற்றுக்கொண்டார்கள் என்று ஒரு பழைய செய்தி உண்டு. அப்படியொரு கூட்டம் நடந்ததா என்பதை வரலாற்று ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர்.

வழிமரபு சுருக்கமாக

கொள்ளுத் தாத்தா: விஜயபாகு, 1521இல் கொல்லப்பட்டார்.
தாத்தா: 7ஆம் புவனேகபாகு, கோட்டை மன்னர், ஆட்சி 1521 முதல் 1551 வரை.
தாத்தாவின் தம்பியர்: ரைகம் பண்டார, மறைவு 1538. மாயாதுன்னை, சீதாவாக்கை மன்னர், மறைவு 1581.
தாய், தந்தை: சமுத்திரா தேவி, வீதிய பண்டார.
தாய்க்குச் சிற்றப்பா மகன்: 1ஆம் ராஜசிங்கன், மறைவு 1593.
தொன் ஜுவான் தர்மபாலர்: மன்னரானது 1551, திருமுழுக்கு 1557, தானப் பத்திரம் 1580, மறைவு 1597. வாரிசு இல்லை.

பத்திரத்துக்குப் பின்

போர்த்துகீசியர் 1619இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தனர். கரையோரம் எங்கும் ஆலயங்கள் எழுந்தன. ஆனால் 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் வசம் சென்றன. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பதே தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அரச ஆணையால் வந்தது, வேறோர் அரச ஆணையால் பறிபோயிற்று.

அப்போது நம்பிக்கையைக் காத்தவர்கள் யார்? மாந்தையைச் சேர்ந்த குடும்பங்கள் அன்னை மரியாவின் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் சென்றன. இன்று நாம் மடு அன்னை என்று போற்றும் திருத்தலம் அவ்வாறு பிறந்தது. 1687இல் கோவாவைச் சேர்ந்த அருள்தந்தை யோசேப்பு வாஸ் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து, ஏழைக் கூலியாளின் உடையில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். அவர் பின்னால் எந்தப் படையும் இல்லை. கண்டிக்குச் சென்றபோது உளவாளி என்று சிறையில் அடைக்கப்பட்டார். பின்னர் அதே கண்டியின் புத்த சமய மன்னர், 2ஆம் விமலதர்மசூரியர், அவருக்கு முழு உரிமை கொடுத்தார். பெரியம்மை பரவி, சொந்த உறவினரே நோயாளிகளைக் கைவிட்டபோது, அவர் அவர்களைத் தொட்டுப் பணிவிடை செய்தார். 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். தர்மபாலர் தம் நாட்டை இழந்து ஒதுங்கி வாழ்ந்த அதே கொழும்பு.

நம் சிந்தனைக்கு

தர்மபாலரைத் தீர்ப்பிட நாம் அவசரப்படத் தேவையில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே சண்டை இருந்தது. பேசத் தொடங்கும் முன்பே அவர் தலையில் முடி வைக்கப்பட்டது. பெரியவர்களின் பகையில் பகடைக்காயாக ஆக்கப்பட்ட குழந்தை அவர். சொத்துத் தகராற்றில் பேரப்பிள்ளையை முன்னிறுத்தித் தம்பியோடு மோதும் தாத்தாக்களும், மனைவியோடு உள்ள பிணக்கில் பிள்ளையைச் சாட்சிக்கு அழைக்கும் தகப்பன்மாரும் நம் பங்குகளிலும் உண்டு. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின் சுமப்பது யாருடைய பாரத்தை என்று எண்ணிப் பார்ப்போம்.

அடுத்து, திருச்சபைக்கான பாடம். பிறர் காணிக்கையாகக் கொடுத்த நிலத்தை மன்னரின் கையெழுத்தால் பெற்றுக்கொண்டபோது, அன்றைய மறைப்பணியாளர் ஆலயம் கட்ட இடம் பெற்றார்கள். மக்களின் உள்ளத்தில் இருந்த இடத்தை இழந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில், நம்பிக்கையின் காரியத்தில் எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று தெளிவாகக் கற்பித்தது. திருத்தந்தை 2ஆம் ஜான் பால் 2000 மார்ச் 12 அன்று, உண்மையின் பெயரால் திருச்சபையின் மக்கள் நற்செய்திக்கு ஒவ்வாத வழிகளைக் கையாண்டதற்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். இவற்றை எல்லாம் ஏட்டில் மட்டும் வைத்திருந்தால் போதாது.

இன்று நமக்கு எந்த மன்னரும் நாட்டை எழுதித் தரப்போவதில்லை. ஆனால் செல்வாக்குள்ள ஒருவர் நம்மோடு இருந்தால் கோயில் காரியம் எளிதில் முடியும் என்ற எண்ணம் நம்மை விட்டுப் போய்விட்டதா? கொடி மரத்துக்கும் கெபிக்கும் பணம் தந்தவரின் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கிறோம். நோயாளியின் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகும் நாளில் உடன்வர ஆள் தேடுகிறோம். பிற சமயத்தைச் சேர்ந்த அயலார் நம் கோயிலைப் பார்த்து, இவர்கள் பலமுள்ளவர்கள் என்று சொல்கிறார்களா? இல்லை, ஆபத்தில் இவர்கள் கதவைத் தட்டலாம் என்று சொல்கிறார்களா?

பிலாத்துவின் முன் நின்ற நம் ஆண்டவர் தம்மைக் காக்க ஒரு படைவீரனையும் அழைக்கவில்லை. அவருடைய அரசுக்குப் பத்திரமும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. தொன் ஜுவான் தர்மபாலரையும், அவருடைய குடிமக்களாக இருந்து அவரால் மனம் புண்பட்டவர்களையும், அந்த ஆண்டவரின் இரக்கத்தில் ஒப்படைத்துச் செபிப்போம். ஆமென்.